பன்னிரண்டு இல்லை, ஏழு

நேர்முகப் பரீட்சையிலேயே அவரை வேண்டாம் என்று சொன்னவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது சொல்லி என் மானம் போவதைவிட அது நல்லது.

பேராதனைப் பக்கம் எங்களுடைய சின்ன ஆய்வுகூடத்துக்கு ஒரு தொழில்நுட்ப உதவியாளர் தேவைப்பட்டது. வந்த நாலு பேரிடமும் மூலையில் இருந்த ஓர் இயந்திரத்தைக் காட்டி, "இதைப் பாவிக்கத் தெரியுமோ?" என்று கேட்டேன். மூன்று பேர் தெரியும் என்றார்கள். இவர் கதிரையில் இருந்தபடியே எட்டிப் பார்த்துவிட்டு, "படத்துல பாத்திருக்கேன் மேடம். தொட்டதில்லைங்க" என்றார். தெரியாத ஆளை எடுத்து என்ன செய்வது என்று நான் முகத்தைச் சுளித்தேன். எங்கள் பிரிவுத் தலைவர் சிரித்தார். "இந்த இயந்திரம் நாட்டிலேயே இது ஒன்றுதான். மற்ற மூன்று பேரும் இதை எங்கே போய்ப் பாவித்தார்களாம்?" என்று கேட்டு இவரையே எடுத்துவிட்டார். ஒரு வாரம் நான் தலைவரோடு சரியாகப் பேசவில்லை.

அவர் கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பெண். கண்டியில் படித்து, ஆய்வுகூடத் தொழில்நுட்பத்தில் டிப்ளோமா முடித்தவர். என்னுடைய வயதுதான் இருக்கும். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து அம்பிட்டியவில் வீடு எடுத்து இருந்தவள். எனக்கு மூக்கு நுனியில் கோபம். அவருக்குக் கோபமே வராது. ஆனால் கண்ணால் காணாத ஒன்றைக் கண்டதாகச் சொல்லச் சொன்னால் மட்டும் அசையவே மாட்டார். அந்த ஒரு குணத்தோடு ஆறு வருடம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வெளியில் மழையா என்று கேட்டால், "கண்ணாடில தண்ணி ஓடுதுங்க மேடம்" என்பார். மழை என்று சொல்ல மாட்டார், மேல்மாடியில் யாராவது தண்ணீர் ஊற்றியிருக்கலாமாம். ஒரு நாள் ஆசையாகக் கோழிக் கறி சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, எப்படி என்று கேட்டேன். நன்றாக மென்று விழுங்கிவிட்டு, "உப்புக் கூட மேடம். வேற ருசி இருக்கானு தெரியலைங்க, உப்பு முந்திக்கிருச்சு" என்றார். அதற்குப் பிறகு அவருக்குக் கறி கொடுக்க எனக்கு வேறு வேலை இல்லையா? ஆனாலும் கொடுத்தேன். அடுத்த முறை, "இன்னிக்கு நல்லா இருக்கு" என்றார். அந்த ஒரு சொல்லை நம்பலாம் என்று தெரிந்ததால் அன்றைக்கு முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாங்கள் செய்த வேலையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். நமக்கு வைரஸ் காய்ச்சல் வருவதுபோல பக்டீரியாவுக்கும் வைரஸ் வரும். அந்த வைரஸ் பக்டீரியாவுக்குள் புகுந்து, அதன் வயிற்றுக்குள்ளேயே நூற்றுக்கணக்கில் பெருகி, அதை வெடிக்கவைத்து வெளியே வந்து அடுத்ததைப் பிடிக்கும். பக்டீரியாவும் சும்மா இருப்பதில்லை. தன்னைக் காப்பாற்ற அதனிடம் பலவிதமான தந்திரங்கள் உண்டு. புதிதாக ஒரு தந்திரத்தையாவது கண்டுபிடித்து, அது செல்லுக்குள் எப்படி உட்கார்ந்து வேலை செய்கிறது என்று உருவத்தோடு பார்க்க வேண்டும் என்பது என் எட்டு வருட ஆசை. அதற்கு நல்ல இடம் அழுக்குத் தண்ணீர். அங்கேதான் இரண்டும் எந்நேரமும் சண்டை பிடித்துக்கொண்டிருக்கும்.

அழுக்குத் தண்ணீர் எடுத்துவரும் வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். கம்பளைச் சந்தைக்குப் பின்னால் போகும் சாக்கடைக் கானில், மீன் கழுவுகிற தண்ணீரும் மரக்கறிக் கழிவும் சேருகிற இடத்தில், ஒரு போத்தல் நிரப்பிச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். நாற்றம் பஸ் முழுக்கப் பரவிவிட்டது. பைக்குள் என்ன என்று கொண்டக்டர் கேட்டார். கருவாடு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். இவர் சிங்களத்தில், நல்ல மரியாதையாக, "கான் தண்ணீர்" என்றிருக்கிறார். பாதி வழியில், கெலிஓயாவில், இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து ஆய்வுகூடம் வரைக்கும் நடந்தே வந்து சேர்ந்தார்.

"கருவாடு எண்டு சொல்லியிருக்கலாம்தானே மிஸ்?" என்று கேட்டேன்.

"கருவாடு இல்லையே மேடம்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் போத்தலை வாங்கினேன். அந்தப் போத்தலுக்குள்தான் எங்கள் பக்டீரியா இருந்தது.

தட்டில் பக்டீரியாவைப் புல்தரைபோல வளர்த்து அதன்மேல் வைரஸை விட்டால், வைரஸ் தின்ற இடமெல்லாம் வட்டம் வட்டமாக ஓட்டை விழும். நாங்கள் அதைப் பொத்தல் என்போம். கம்பளைப் பக்டீரியாவின் தட்டில் ஒரு பொத்தலும் விழவில்லை. வைரஸால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அதே பக்டீரியாவைக் குழாயில் வளர்த்து வைரஸை நிறைய ஊற்றினால், கலங்கலாக இருக்கும் வளர்ப்புக் குழம்பு சட்டென்று தெளிந்தது. தெளிந்தால் பக்டீரியா செத்துவிட்டது என்று அர்த்தம். வைரஸை எதிர்த்து நிற்கிற பக்டீரியா எப்படிச் சாகும்? வேறு ஏதோ கலந்துவிட்டது என்று முடிவு கட்டினேன்.

"கெட்டுப்போச்சு எண்டு கொப்பியில எழுதிப்போட்டு எறியுங்கோ. புதுசா வளப்பம்."

"கெட்டதை நான் பாக்கலைங்களே மேடம். தெளிஞ்சதைத்தான் பாத்தேன். தெளிஞ்சுருச்சுனு எழுதட்டுங்களா?"

"எனக்கு விசர் வரப்போகுது மிஸ். எழுதச் சொன்னதை எழுதுங்கோவன்."

அவர் அப்படி எழுதவில்லை. தெளிந்தது என்று எழுதிவிட்டு, குழாயையும் எறியாமல், அந்தத் தெளிந்த தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து, எந்த வைரஸுக்கும் சாகிற சாதாரண பக்டீரியாவின் தட்டில் விட்டிருக்கிறார். செத்த பக்டீரியாவுக்குள் வைரஸ் பெருகியிருந்தால் மறுநாள் தட்டு முழுக்கப் பொத்தல் விழுந்திருக்க வேண்டும். காலையில் தட்டைக் கறுப்புத் துணிமேல் வைத்து என்னைக் கூப்பிட்டார். எண்ணினேன். நாங்கள் ஊற்றிய வைரஸில் பாதிகூட இல்லை.

"செத்தது சரிங்க மேடம். ஆனா வைரஸ் பெருகல. இவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது. மிச்சத்தை நீங்க சொல்லுங்க" என்றார்.

மிச்சம் எனக்குத் தெரிந்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. வைரஸ் உள்ளே வந்த பக்டீரியா, அது பெருகுவதற்கு முன்பே தானே தன்னைக் கொன்றுகொள்கிறது. அதோடு அந்த வைரஸின் கதையும் முடிகிறது, பக்கத்தில் இருக்கிற உறவுக் கூட்டம் தப்பிக்கொள்கிறது. வைரஸ் குறைவாக இருந்தால் ஒன்றிரண்டுதான் சாகும். நாங்கள் அளவுக்கு மிஞ்சி ஊற்றியதால் எல்லாமே செத்திருந்தன. இப்படிச் சாகிற பக்டீரியாக்களைப் பற்றி நான் முன்பே படித்திருக்கிறேன். படித்த நானே எறியச் சொன்னேன். எழுத மறுத்தவர் கையால் அது பிழைத்தது. அவரை வேண்டாம் என்றவள் நான் என்று நினைத்து முதல் முறையாக வெட்கப்பட்டது அன்றைக்குத்தான்.

இந்தக் குணத்தால் அவருக்கும் கஷ்டம் வராமல் இல்லை. அவருடைய மகள் ஒரு முறை இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. இப்படியான நேரத்தில் எல்லாப் பெற்றோரும் காய்ச்சல் என்று கடிதம் எழுதுவார்கள், வாங்குகிற ஆசிரியருக்கும் தெரியும். இவர், 'தோட்டத்தில் காமன் கூத்து. மகளின் மாமா ரதி வேஷம் கட்டினார். அதைப் பார்க்க நான்தான் அழைத்துப் போனேன்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அதிபர் கூப்பிட்டு ஏசினார். "காய்ச்சல்னு எழுதினா ஒண்ணும் கேட்டிருக்க மாட்டேனே அம்மா" என்றாராம். "அதுக்கு அவளுக்குக் காய்ச்சல் வந்திருக்கணுமேங்க" என்று இவர் சொல்லிவிட்டு வந்தார். இதை என்னிடம் சொன்னபோது அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

கம்பளைப் பக்டீரியா எந்த ஆயுதத்தால் தன்னைக் கொல்கிறது என்று பார்க்கச் சாதாரண நுணுக்குக்காட்டி போதாது. செல்லை ஒரு நொடியில் உறையவைத்து, மெல்லிய சீவலாகச் சீவி, பெரிய இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பல கோணங்களில் படம் எடுக்க வேண்டும். அந்த இயந்திரத்தின் விலையைக் கேட்டால் நம் ஊரில் மயக்கம் போட்டு விழுவார்கள். ஐரோப்பாவில் ஓர் ஆய்வுகூடத்துக்கு ஒரு வருடமாக எழுதி எழுதி, கடைசியில் இரண்டு நாள் தருவதாகச் சொன்னார்கள். நாங்கள் பக்டீரியாவையும் வைரஸையும் அனுப்ப வேண்டும், அவர்கள் வளர்த்து, கலந்து, உறையவைத்துப் படம் எடுப்பார்கள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார்கள். வைரஸ் கலந்து எத்தனையாவது நிமிடத்தில் உறையவைக்க வேண்டும்? முந்தினால் ஆயுதம் வெளியே வந்திருக்காது. பிந்தினால் எல்லாம் செத்து வெறும் கோதுதான் மிஞ்சும். அந்த இரண்டு நாளை விட்டால் எங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு முறை தர மாட்டார்கள்.

அது நாள்தோறும் கரண்ட் வெட்டிய காலம். கலங்கலை அளக்கும் இயந்திரத்தைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கும்படி நான்தான் வைத்திருந்தேன். அதற்கிடையில் காரியம் முடிந்துவிடும், அது பிடிபடாது. அவர் கண்டுபிடித்த வழி வேறு. கரண்ட் இருக்கிற நேரத்தை மற்ற இயந்திரங்களுக்கு விட்டுவிட்டு, கரண்ட் இல்லாத நேரத்தில் ஜன்னலோரம் நின்றுகொண்டு, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் மணமகள் தேவை விளம்பரத்தைக் குழாய்க்குப் பின்னால் பிடிப்பார். குழம்பு கலங்கலாக இருந்தால் எழுத்துத் தெரியாது. தெளியத் தெளிய எழுத்து வரும். முதல் எழுத்து மங்கலாகத் தெரியத் தொடங்கிய நிமிடத்தைக் குறித்துக்கொள்வார். குழாய் உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும் என்பதால், கரண்ட் இல்லாத வெந்நீர்த் தொட்டிக்குள் தன்னுடைய தேத்தண்ணிப் பிளாஸ்க்கிலிருந்து சுடுதண்ணீர் ஊற்றி ஊற்றி, தொட்டியில் மாட்டியிருந்த வெப்பமானி முப்பத்தேழைக் காட்டும்படி பார்த்துக்கொண்டார். இருபது தடவைக்கு மேல் செய்து, "பன்னிரண்டு மேடம்" என்றார். உலகத்தில் வேறு யார் சொன்னாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். அன்றே அவர்களுக்குப் பன்னிரண்டு என்று எழுதினேன்.

படம் எடுக்கத் தொடங்க மூன்று நாள் இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை காலை, என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கொப்பியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"நான் சொன்னது பிழைங்க மேடம். பன்னிரண்டு இல்லை. ஏழு."

"என்ன சொல்லுறீங்கள்?"

"நேத்துப் பேப்பர் புடிக்கிறப்போ குழாய் கையில சில்லுனு இருந்துச்சுங்க. வெப்பமானி இருக்கிற மூலையிலதான் நான் சுடுதண்ணி ஊத்தியிருக்கேன். அங்கன சூடு. குழாய் இருந்த பக்கம் குளிரு. குழாய்க்குள்ளயே வெப்பமானியை வுட்டுப் பாத்தேன், இருபத்தொம்பதுதான். குளிர்ல அதுங்க மெதுவாத்தான் வேலை செஞ்சிருக்கு. கரண்ட் இருக்கிறப்போ சரியான சூட்டுல நேத்து அஞ்சு தடவ, இன்னிக்குக் காலையில வந்து நாலு தடவ செஞ்சேன். ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவுல தெளியத் தொடங்குது. ஏழுனு சொல்லலாங்க."

கண்டிக் குளிரில், பிளாஸ்க் தண்ணீரில் செய்த ஒரு பிழை. வேறெந்த ஆய்வுகூடத்துக்கும் இப்படி ஒரு பிழை விட வாய்ப்பே கிடைத்திருக்காது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அந்த ஞாயமெல்லாம் தோன்றவில்லை. இப்போது திரும்பவும் எழுதினால் என்ன நினைப்பார்கள்? நிமிடம் பார்க்கத் தெரியாத கூட்டம் என்று இரண்டு நாளையும் பறித்து வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால்? எட்டு வருடம் போய்விடும். பன்னிரண்டிலும் ஒன்றிரண்டு செல் பிழைத்திருக்கலாம், பேசாமல் விட்டுவிடலாம் என்று மனம் அலைந்தது. அந்தப் பயமெல்லாம் சேர்ந்து வாய்க்குள் வந்தது.

"தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில மணிக்கூடு பாக்கவும் பழக்கேல்லையோ?"

சொன்ன வாய் அழுகியிருக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் அந்த நேரம் வேறு யாரும் இல்லை என்பது எனக்கு ஓர் ஆறுதலே இல்லை. அவர் இருந்தார்.

அவர் முகம் ஒரு கணம் சிவந்தது. பிறகு கொப்பியை என் முன்னால் விரித்து வைத்தார்.

"பழக்குனாங்க மேடம். அதனாலதான் சொல்றேன்."

"எழுதாட்டி?"

"எழுதாட்டி அவங்க பன்னிரண்டுல எடுப்பாங்க. ஒண்ணும் இருக்காது. இந்தப் பக்டீரியாகிட்ட ஒண்ணும் இல்லைனு எழுதிருவாங்க. அது பொய்யிங்க. நாம பிழை வுட்டோம்னு தெரியறது பொய் இல்லையே."

இதைச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகவில்லை. அங்கேயே நின்றார். நான் அவரைப் பார்க்காமல் கணினியைத் திறந்தேன். என்ன பிழை, எப்படி நடந்தது, பிளாஸ்க், வெப்பமானி, எல்லாவற்றையும் எழுதி, 'பன்னிரண்டு வேண்டாம், ஏழு' என்று முடித்து அனுப்பினேன். அனுப்பும்வரை அவர் நின்றார். பிறகு, "டீ போடட்டுங்களா மேடம்?" என்று கேட்டார். அந்தத் தேத்தண்ணியைக் குடிக்கும்போதுதான் மன்னிப்புக் கேட்டேன். "கேட்டுட்டீங்களே, சரி" என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அவருக்கு அது பரவாயில்லை என்று இருந்திருக்காது.

மூன்று வாரம் கழித்து ஐரோப்பிய ஆய்வுகூடத்தார் திரையில் வந்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்தவர் வெள்ளைத்தாடி வைத்த பேராசிரியர். என்னுடைய இரண்டு கடிதத்தையும் பார்த்துக் குழம்பிப்போய், எதற்கும் இருக்கட்டும் என்று பாதியைப் பன்னிரண்டிலும் பாதியை ஏழிலும் உறையவைத்ததாகச் சொன்னார். முதலில் பன்னிரண்டாவது நிமிடத்தைக் காட்டினார். கிழிந்த கோதுகள், வேறொன்றும் இல்லை. பிறகு ஏழு.

செல்லின் சுவர் இன்னும் முழுசாக இருந்தது. தன் மரபுப்பொருளை உள்ளே செலுத்திவிட்ட வைரஸின் தலை வெளியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் வால் சுவரைத் தொட்ட இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, உட்சவ்வில், சின்னச் சின்ன வளையங்கள். ஒன்று பாதி கூடியிருந்தது, இன்னொன்று முழுதாக மூடியிருந்தது. புரதத் துண்டுகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வந்து கைகோத்து, தங்கள் வீட்டுச் சுவரில் தாங்களே ஓட்டை போட்டுக்கொண்டிருந்தன. கம்பளைக் கானில் இவ்வளவு காலமும் நடந்துகொண்டிருந்த காரியம் இது. அதை முதலில் பார்த்த மனிதர்கள் நாங்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

பேராசிரியர், ஏழு என்று கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். நான் கதவைத் திறந்து கூப்பிட்டேன். கையுறை ஈரத்தோடு வந்து என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். எப்படி இவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தது என்று பேராசிரியர் அவரிடமே கேட்டார். அவருக்கு ஆங்கிலம் விளங்கும், பேசத்தான் கூச்சப்படுவார்.

"நிச்சயமாத் தெரியலைனு சொல்லுங்க மேடம். மொதல்ல நான் பிழையாத்தான் சொன்னேன். பொறகு திருத்துனேன். அவ்வளவுதாங்க."

நான் மொழிபெயர்த்தேன். அந்தப் பக்கம் எல்லோரும் சிரித்தார்கள், பேராசிரியர் கை தட்டினார். கை தட்டல் எனக்கும் சேர்த்துத்தான் என்பதுபோல இருந்தது. அதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். இந்த மனுஷிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அது முடியவில்லை. "அந்த இரண்டாவது கடிதத்தை எழுத நான் விரும்பவில்லை. மறைத்துவிடப் பார்த்தேன். சொன்னதற்காக இவருக்குக் கேவலமாக ஏசினேன். எழுதும்வரை இவர்தான் என் மேசையை விட்டுப் போகாமல் நின்றார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

திரையில் யாரும் சிரிக்கவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்தவர் என் பக்கம் திரும்பினார். நான் ஏதோ கணக்குப் பிழை விட்டதுபோல் புருவத்தைச் சுருக்கினார்.

"ஆனா அனுப்புனது நீங்கதானே மேடம். அதையும் சொல்லுங்க. நடந்ததைப் பாதியில விட்டா எப்படிங்க?"

அதையும் சொன்னேன். குரல் உடைந்துபோய், இரண்டு முறை சொல்ல வேண்டியதாயிற்று.